விராலுக்குத் தெரியாத கயிறு

கொழுந்துவேலுக்கு மூளை கிடையாது என்று தவளைக்குறிச்சியில் சிலர் சொல்லித் திரிவார்கள். அது அபாண்டம். மூளை இருந்தது. சும்மா எடுத்துப் புழங்கித் தேய்ந்துபோய்விடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருந்தான், அவ்வளவுதான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கியவள் அக்கா வடிவு. கெட்டிக்காரி. ஊரில் எந்த வீட்டில் பஞ்சாயத்து என்றாலும் ஒரு வார்த்தை வடிவிடம் கேட்டுக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு இரண்டு சம்பந்தம் கைகூடி வந்து தட்டிப்போனது. இரண்டுக்கும் தம்பிதான் காரணம்.

முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது, "வந்தவங்களுக்குக் காலுக்குத் தண்ணி ஊத்துடா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். இவனுக்குக் குடம் அகப்படவில்லை. தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர்கள் பாயில் உட்கார்ந்து அதிரசம் தின்றுகொண்டிருந்தார்கள். ஏற்ற வேலையை விடக் கூடாதென்று ஒவ்வொருவர் காலாகப் பார்த்து நிதானமாக ஊற்றினான். அதிரசம் மிதந்தது.

இரண்டாவது தடவை, "அவங்க போற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே" என்றாள். பேச்சு வாக்கில் திறந்துவிடுமோ என்று பயந்து துண்டால் வாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். வீட்டில் ஏதோ தொற்றுநோய் என்று நினைத்து, வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

இரண்டு தடவையும் அக்கா அவனைத் திட்டவில்லை. புறவாசலில் போய் உட்கார்ந்து வெகுநேரம் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அதைக் கொழுந்துவேல் கதவோரமாக நின்று பார்த்தான். அக்காவுக்காக ஒரு காரியமாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று அன்றைக்கு மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

மூன்றாவதாக வந்தது பக்கத்து ஊர் காத்தமுத்துவின் மகன் தவசி. காத்தமுத்து நாக்குக்கு அடிமையானவர். "ஞாயித்துக்கிழமை வாறோம். பொண்ணை என் மவன் பாத்துக்கிடுவான். நான் உங்க ஊரு விரால் கொழம்பைப் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வடிவு யோசித்தாள். தம்பியை வீட்டைவிட்டுத் தூரமாக வைப்பதுதான் நல்லது என்று பட்டது. சனிக்கிழமை காலையில் கூப்பிட்டு, "நாளைக்குத் துள்ளத் துடிக்க நல்ல விராலா ஒண்ணு பாத்துப் பிடிச்சுட்டு வந்துரு. மெதுவாவே வா, அவசரமில்ல" என்று செலவுக்குப் பணம் கொடுத்தாள். அவள் சொன்னது சந்தையில் விலைக்குப் பிடிப்பதை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கத்தரிக்காயைக்கூட நல்லதாய்ப் பார்த்துப் பிடித்து வா என்பார்கள்.

கொழுந்துவேல் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அக்கா தன்னை நம்பி மீன் பிடிக்கச் சொல்லிவிட்டாள்! நேராகக் கூட்டாளிகள் இருவரிடமும் ஓடினான்.

ஒருவன் ஆவுடை. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பமாட்டான். தீப்பெட்டி வாங்கினால் எல்லாக் குச்சியும் எரிகிறதா என்று கடையிலேயே கிழித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவான். இன்னொருவர் பஞ்சாட்சரம். வயதில் மூத்தவர். கண்ணை மூடி யோசிப்பார். யோசிக்கிறாரா தூங்குகிறாரா என்பது சில சமயம் அவருக்கே தெரியாது.

மூவரும் டவுனுக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிக்கந்தர் பாய் வலையும் தூண்டில் சாமானும் விற்கிற கடை வைத்திருந்தார்.

"பாய், விரால் பிடிக்கத் தூண்டில் நரம்பு வேணும்" என்றான் கொழுந்துவேல்.

"எத்தனை கிலோ தாங்குறது?"

"மீனு ஒரு கிலோ இருக்கும்."

"அப்ப அஞ்சு கிலோ தாங்குறது வாங்கிக்க. விரால் துள்ளும்ல?"

ஆவுடைக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. "பாய், நாங்க பிடிக்கப்போறது ஒரு கிலோ. மிச்சம் நாலு கிலோவுக்கு நாங்க எங்க போறது?"

பாய் கேள்வி காதில் விழாததுபோல் ஒரு சுருளை எடுத்துப் போட்டார். ஆவுடை ஒரு முனையையும் கொழுந்துவேல் மறுமுனையையும் கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி இழுத்தார்கள். நரம்பு 'டப்' என்று அறுந்தது. ஆவுடை வலைக்குவியலில் மல்லாந்து விழுந்தான்.

"இது அறுந்துருச்சு பாய். அறுகாததா ஒண்ணு காட்டுங்க."

அடுத்ததும் அறுந்தது. அதற்கடுத்ததும் அறுந்தது. பஞ்சாட்சரம் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "நரம்பைக் குத்தம் சொல்லக் கூடாது. அறுகிற வரைக்கும் பலமாத்தான் இருந்துச்சு. அறுந்த பிறகுதான் பலம் விட்டுப்போச்சு."

கடையில் இருந்ததிலேயே தடிமனான நரம்பை எடுத்துக் கடைத் தூணில் கட்டி மூவரும் சேர்ந்து ஒரு தம் பிடித்து இழுத்தார்கள். நரம்பு அசையவில்லை. தூண் வந்துவிட்டது. தூணோடு பெயர்ப்பலகையும் வந்தது.

சிக்கந்தர் பாய் பொறுமைசாலி. ஆனாலும் கடை அவருடையதாயிற்றே. "யோவ்! உங்க பலத்துக்குத் தூண்டில் நரம்பெல்லாம் பத்தாதுய்யா! வீட்டுல போயி கிணத்துக் கயித்தைக் கட்டி மீன் பிடிங்க!" என்று கத்தினார்.

மூவர் முகமும் மலர்ந்தது.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா உங்க சரக்கும் மிஞ்சியிருக்கும்ல பாய்?" என்றான் ஆவுடை.

"கயிறு என்ன நிறத்துல இருக்கணும் பாய்?" என்று பணிவாகக் கேட்டான் கொழுந்துவேல்.

இத்தனை வருஷம் சொல்லிப் பழகிய வாய். கோபத்திலும் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது. "தண்ணி என்ன நிறமோ அதே நிறம். கலங்கல் தண்ணின்னா பழுப்பு. பாசித் தண்ணின்னா பச்சை. மீன் கண்ணுக்கு நரம்பு தெரியக் கூடாது. தெரிஞ்சா கடிக்காது. கெளம்புங்கய்யா, புண்ணியமாப் போவும்!"

மறுநாள் விடிந்ததும், வடிவு வாசல் தெளித்துக்கொண்டிருந்த நேரத்தில், கொழுந்துவேல் பின்பக்கம் போய்க் கிணற்றுக் கயிற்றை உருவினான். நல்ல பச்சை நைலான் கயிறு. வாளியைக் கழற்றி வெளியே வைத்தால் களவு போய்விடும் என்று கிணற்றுக்குள்ளேயே பத்திரமாகப் போட்டான். கயிறு இத்தனை தடிமனாக இருக்கும்போது முள் சின்னதாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்கிற பாதாளக் கரண்டி சுவரில் தொங்கியது. சுற்றிலும் கொக்கி கொக்கியாக இருந்த அதையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

இரைக்கு மண்புழு எடுத்தார்கள். பாதாளக் கரண்டியில் மாட்டிப் பார்த்ததில் புழு கொக்கியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டது.

"உளுந்த வடை போடுவோம்" என்றார் பஞ்சாட்சரம். "நாம ஓட்டை போட வேண்டிய வேலையே இல்லை. போட்டே விக்கிறாங்க."

டீக்கடையில் வாங்கிக் கொக்கிக்கு ஒரு வடையாக மாட்டினார்கள். தோரணம் மாதிரி பார்க்கவே லட்சணமாக இருந்தது. கண்மாய்க் கரைக்குப் போனபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. போன வாரம் பெய்த மழையில் கண்மாய்த் தண்ணீர் டீ மாதிரி கலங்கிக் கிடந்தது.

"தண்ணி பழுப்பு" என்றான் ஆவுடை.

"கயிறு பச்சை" என்றான் கொழுந்துவேல்.

அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு விரால் மேலே வந்து வாயைத் திறந்து காற்றுக் குடித்துவிட்டு உள்ளே போனது.

"பாத்தியா, கயித்தைப் பாத்துட்டுப் போயிருச்சு!" என்று பதறினான் கொழுந்துவேல். "இந்நேரம் உள்ள போயி எல்லா மீனுக்கும் சொல்லியிருக்கும்."

"கயித்துக்குப் பழுப்புச் சாயம் போடுவமா?" என்று அவனே கேட்டான்.

"சாயம் காயுறதுக்குள்ள தண்ணி தெளிஞ்சுருச்சுன்னா?" என்றான் ஆவுடை.

இருவரும் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடினார். வெயில் ஏறியது. குறட்டை வருகிறதோ என்று இவர்கள் சந்தேகப்பட்ட நேரத்தில் கண்ணைத் திறந்தார். "தண்ணிக்கு ஏத்த கயிறு தேடுறதுதானே கஷ்டம்? கயித்துக்கு ஏத்த தண்ணியைத் தேடுவோம்."

கொழுந்துவேலுக்குப் புல்லரித்தது. ஊர்க்கோடியில் எருமைக்குட்டை இருக்கிறது. வருஷம் பூரா பாசி மூடி, பச்சைப் பசேலென்று கிடக்கும். ஓடினார்கள். கயிற்றை இறக்கினார்கள். கயிறு எங்கே, பாசி எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"நமக்கே தெரியலை. மீனுக்கு எப்படித் தெரியப்போவுது!" என்று மூவரும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள்.

குட்டைக்குள் ஓர் எருமை மூக்கையும் கொம்பையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கண்மூடிக் கிடந்தது. அதன் சொந்தக்காரி ராக்காயி கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் இவர்களைப் பார்த்துவிட்டு, "என்னப்பா செய்யுறீங்க?" என்றாள்.

"விரால் பிடிக்கோம் மதினி."

"அட கூறு கெட்டவனுகளா! இந்தக் குட்டையில ஏதுடா விராலு? தவளைகூடத் தங்காது. என் எருமையைத் தவிர ஒரு சீவன் கிடையாது."

மூவரும் கரையில் உட்கார்ந்து ஆலோசனை செய்தார்கள். கயிறு சரி. தண்ணீர் சரி. முள் சரி. வடையும் சரி, ஆவுடை ஒன்றைத் தின்றே பார்த்துவிட்டான். மீன் ஒன்றுதான் குறை.

"ஒரு சின்னக் குறைக்காக இத்தனையையும் கைவிட முடியுமா?" என்றான் கொழுந்துவேல். "மீனு சந்தையில கிடைக்கும்ல?"

சந்தையில் சூசையம்மாள் அண்டாவில் உயிர் மீன் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கைப்பிடிக்கு அடங்காமல் கொழுத்த ஒரு விராலைக் கொழுந்துவேல் காட்டி, அக்கா கொடுத்த பணத்தை நீட்டினான். அது வாலை அடித்துச் சூசையம்மாள் முகத்தில் தண்ணீரைத் தெளித்தது.

"துள்ளத் துடிக்க இருக்கு பாத்துக்க. செதில் உரசி வெட்டித் தரவா தம்பி?"

"ஐயோ, வெட்டினா எப்படிம்மா வடையைக் கடிக்கும்?" என்றான் கொழுந்துவேல்.

சூசையம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தண்ணீர் ஊற்றிய பானையில் மீனைப் போட்டுக் கொடுத்தாள். வழியில் ஆவுடைக்கு ஒரு சந்தேகம். மீன் எட்டிப் பார்த்துக் கயிற்றின் நிறத்தை மனசில் பதிய வைத்துக்கொண்டால் என்ன செய்வது? பஞ்சாட்சரம் தன் துண்டை அவிழ்த்துப் பானை வாயைக் கட்டினார். குட்டைக்கு வந்ததும் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, விராலைத் தண்ணீருக்குள் விட்டார்கள். அது ஒரு சுழற்றுச் சுழன்று பாசிக்குள் மறைந்தது.

"இப்பக் குறை ஒண்ணும் இல்லை" என்றான் கொழுந்துவேல். பெருமூச்சு விட்டு, கயிற்றை மறுபடி இறக்கினான்.

அங்கே வீட்டில் வடிவு கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாள். கயிறு இல்லை. வாளி இல்லை. வாளியை எடுக்கிற கரண்டியும் இல்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் வாங்கி, கத்தரிக்காயை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கின வேகத்தில் அரிவாள்மணை அதிர்ந்தது.

காத்தமுத்துவும் தவசியும் வருகிற பாதை எருமைக்குட்டை ஓரமாகத்தான். மூன்று ஆட்கள் பச்சைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் காத்தமுத்து நின்றுவிட்டார்.

"என்னப்பா, ஏதும் விழுந்துருச்சா?"

"இல்லைங்க, விரால். எங்கக்காவைப் பாக்க வர்றவங்களுக்கு."

"நாங்கதாம்ப்பா அது!" காத்தமுத்துவுக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது. அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தவசி மட்டும் குட்டையையும் எருமையையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் அதிகம் பேசாதவன்.

அப்போது கயிறு ஆடியது.

"கடிச்சுருச்சு!" என்று கொழுந்துவேல் குதித்தான். மூவரும் இழுத்தார்கள். அந்தப் பக்கமும் இழுத்தது. கொக்கி போய் எருமையின் கழுத்துக் கயிற்றில் நன்றாக மாட்டிக்கொண்டிருந்தது. காத்தமுத்துவும் ஒரு கை போட்டார். எருமை எழுந்து நின்றது.

"ஏ ஆத்தே, எம்மாம் பெரிய விரால்!" என்றார் பஞ்சாட்சரம் கண்ணை மூடியபடி.

எருமை மறுகரையில் ஏறி ஊரைப் பார்த்து ஓடியது. கயிற்றின் மறுமுனையில் நான்கு பேரும் பாசிக்குள் விழுந்து, சேற்றில் புரண்டு, கரையேறி, சோளக்கொல்லை வழியாகப் போனார்கள். "கயித்தை விட்டுரு பெரியவரே!" என்று ராக்காயி கத்தினாள். காத்தமுத்து எப்போதோ விட்டுவிட்டார். கையில் கயிறு சுற்றிக்கொண்டதால் கயிறுதான் அவரை விடவில்லை.

"அறுகலை பாத்தியா!" என்று நடுவில் ஆவுடை கூவினான். "பாய் சொன்னது சொன்னதுதான்!"

எருமைக்கு வடிவின் வீட்டு மாட்டுத்தொட்டி தெரிந்த இடம். கழுநீர் குடிக்க நேராக அங்கேதான் போனது. வடிவு வெளியே வந்து பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை பச்சையாக நாலு உருவம். அதில் தம்பி எது, சம்பந்தி எது என்று தெரியவில்லை. மூன்றாவது சம்பந்தமும் கண்ணெதிரே முங்கிப்போனதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொழுந்துவேல் அவள் முகத்தைப் பார்த்தான். பாத்திரம் தேய்க்கும்போது இருக்கிற அதே முகம். "அக்கா, கயிறு சரியாத்தான்க்கா இருந்துச்சு. நிறமும் சரிதான். மீனுதான்..." தேம்பித் தேம்பி அழுதான்.

பின்னாலேயே ஓடிவந்த தவசி எருமையின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான். அது சாதுவாக நின்றது. கொக்கியைக் கழற்றினான். ஒவ்வொரு கொக்கியாகத் தடவிப் பார்த்துவிட்டு, அதில் எஞ்சியிருந்த ஒரு வடையை எடுத்து எருமைக்குக் கொடுத்தான். பிறகு வடிவைப் பார்த்து, "கொழம்பு என்னதுங்க?" என்று கேட்டான்.

"கத்தரிக்கா."

"எனக்கு அதுதான் பிடிக்கும்" என்றான்.

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்துக் கொழுந்துவேல் பார்த்தே பல வருஷம் ஆயிற்று. எதற்கு என்று விளங்காமலே அவனும் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

காத்தமுத்து பாசியைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை சோறு வாங்கினார். கைகழுவும்போது, எருமை ஒரு ஊரைக் கூட்டி இழுத்தும் மகன் ஒரு தட்டில் நிறுத்திவிட்டான் என்றும், இந்த மச்சினனோடு காலம் தள்ள அவனால்தான் முடியும் என்றும் சொல்லி வெற்றிலை மாற்றச் சம்மதித்தார். கிளம்பும்போது கொழுந்துவேல் முகம் இன்னும் வாடியிருப்பதைப் பார்த்து, "விடப்பா, அந்த விராலு எங்க போயிரும்? மறுவீட்டு விருந்துக்குப் பிடிச்சுக்கிட்டாப் போச்சு" என்று முதுகில் தட்டினார். ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுவீட்டு விருந்தன்று தவசி விடியவே சந்தைக்குப் போய் விரால் வாங்கிவந்து, பின்வாசலில் உட்கார்ந்து தானே உரசிக் கொடுத்தான். வடிவு மசாலா அரைத்தாள். யாரும் கொழுந்துவேலைத் தேடவில்லை. அவன் கூட்டாளிகளோடு எருமைக்குட்டைக் கரையில் நின்றுகொண்டிருந்தான்.

"எந்த இடத்துல விட்டோம்?" என்றான் ஆவுடை. குட்டை முழுக்க ஒரே பச்சை. ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பஞ்சாட்சரம் கண்ணை மூடினார். "எருமைக்கு வலது பக்கம். ஒரு முழம் தள்ளி."

குட்டையில் எருமை இல்லை. தேடிக்கொண்டு போனார்கள். பஸ் போகிற தார்ரோட்டின் நடுவில் அது நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. எருமையின் வலது பக்கம் ஒரு முழம் அளந்து, மூவரும் ரோட்டில் வரிசையாக உட்கார்ந்து, வடை கோத்த கொக்கியைத் தாரின்மேல் இறக்கினார்கள்.

டவுன் பஸ் வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சத்தம் போடாதீங்கண்ணே, மீனு ஓடிரும்" என்று ஆவுடை கையெடுத்துக் கும்பிட்டான். டிரைவர் தன்னை அறியாமல் இஞ்சினை அணைத்தார். கண்டக்டர் இறங்கி வந்து, கயிற்றையும் ரோட்டையும் எருமையையும் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

வெகுநேரம் ஆயிற்று. ஒரு கடி இல்லை. கொழுந்துவேல் குனிந்து பார்த்தான். உற்றுப் பார்த்தான். சட்டென்று தலையில் அடித்துக்கொண்டான்.

"அடச் சே! தண்ணி கறுப்புடா! நாம பச்சைக் கயித்தைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம்! எப்படிக் கடிக்கும்?"

"அதானே!" என்றார் பஞ்சாட்சரம்.

கொழுந்துவேல் துள்ளி எழுந்து பஸ்ஸில் ஏறினான். "டவுனுக்கு ஒரு டிக்கெட் குடுங்கண்ணே, கறுப்புக் கயிறு வாங்கணும். வண்டியைக் கொஞ்சம் வெரசா விடச் சொல்லுங்க" என்று சன்னலோரமாக இடம்பிடித்து உட்கார்ந்தான். பிறகு தலையை வெளியே நீட்டி, கூட்டாளிகளைப் பார்த்துக் கத்தினான்: "நான் திரும்பி வர்ற வரைக்கும் என்ன ஆனாலும் எந்திரிச்சுராதீங்க! எருமையையும் நகர விட்டுராதீங்க!"

"நாங்க பாத்துக்கிடுதோம், நீ போயிட்டு வா!" என்று ஆவுடை எருமையின் வாலை எட்டிப் பிடித்துக்கொண்டான். பஞ்சாட்சரம் பஸ்ஸுக்கு நேர் முன்னால் நகர்ந்து வந்து, இன்னும் வாகாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.